நம்ம ஊருப் பொண்ணுதான்!

திருவாரூர் தேரழகு, திருவிடைமருதூர் தெருவழகு, மன்னார்குடி மதிலழகு, வேதாரண்யம் விளக்கழகு என்று எங்கள் பக்கத்தில் ஒரு சொலவடை உண்டு. தேருக்கும் தெருவுக்கும் மதிலுக்கும் விளக்குக்கும் இடம் கொடுத்த அந்தப் பட்டியலில் மனுஷிக்கு மட்டும் இடமில்லை. மதிலழகான அந்த மன்னார்குடியில் 1937 மே 26-ஆம் தேதி கோபிசாந்தா என்றொரு பெண் குழந்தை பிறந்தது. அப்பா இன்னொரு கல்யாணம் செய்துகொண்டார். அம்மா ராமாமிர்தம் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊரைவிட்டுப் போனார். மதில் அழகாகத்தான் இருந்தது. அதற்கு அந்தப்பக்கம் போனவர்களை எட்டிப்பார்க்க ஊரில் யாருக்கும் உயரம் போதவில்லை.

போய்ச் சேர்ந்த இடம் காரைக்குடிக்குப் பக்கத்தில் பள்ளத்தூர். அங்கே அம்மா வீட்டுவேலை பார்த்தார். மகளின் படிப்பு பாதியில் நின்றது. பன்னிரண்டு வயதில் நாடக மேடை ஏறிய பெண்ணுக்கு நாடகக்காரர்கள் மனோரமா என்று பெயர் வைத்தார்கள். பிற்பாடு தமிழ்நாடே அவரை ஆச்சி என்று கூப்பிட்டதும் செட்டிநாட்டு வழக்கில்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். முப்போகம் விளைந்த, சோற்றுக்குப் பேர்போன எங்கள் சீமை அவருக்குக் கொடுத்தது பிறந்த தேதி ஒன்றுதான். சோறு, தொழில், பெயர் எல்லாவற்றையும் மழையை நம்பிக் கண்மாய் வெட்டிய வறண்ட சீமை கொடுத்தது. ஆனாலும் இன்று மன்னார்குடி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஆச்சி பேச்சு வந்தால் போதும். "அது நம்ம ஊருப் பொண்ணுல்ல!" என்று நாலு பேர் எழுந்து நிற்பார்கள்.

நாங்கள் நாடகக்காரப் பெண்களை எப்படிப் பார்த்தோம் என்பது எனக்குத் தெரியும். நானும் அந்த ஊர்க்காரன்தான். பாமணி ஆற்றங்கரையில், தாளடி அறுத்து, அதே வயலில் தெளித்த உளுந்தையும் பயற்றையும் எடுத்து முடித்தால்தான் ஊரில் காசு புழங்கும். காசு புழங்கினால் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டுவார்கள். காப்புக் கட்டினால் வள்ளி திருமணம். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து செட்டு வரும். ரோஸ் நிற நோட்டீஸில் ராஜபார்ட் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும், ஸ்திரீபார்ட் பெயர் அதைவிட ஒரு சுற்றுச் சின்னதாக. ஆர்மோனியக்காரர், மிருதங்கக்காரர் எல்லாரும் வந்துபோன பிறகு, அடியில், நோட்டீஸ் மடிக்கிற இடத்தில் பபூனும் டான்ஸ் காமிக்கும் இருப்பார்கள். மடிப்பில் மை கசிந்து அந்தப் பெண்ணின் பெயர் பாதிதான் படிக்க வரும்.

அப்படி ஒரு வருஷம், மாலை மசங்குகிற நேரம், டான்ஸ் காமிக் பெண் எங்கள் வீட்டுக் கொல்லைப் படலைத் திறந்துகொண்டு வந்து நின்றது. பாதி அரிதாரம் பூசிய முகம், தலையில் சவுரி வைக்காத கொண்டை.

"ஆயா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க."

"தொண்ட வறண்டு கெடக்கு பாரு, பாவம்" என்று அப்பாயி வெண்கலச் செம்பு நிறையத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். அந்தப் பெண் அண்ணாந்து குடித்துவிட்டு, கும்பிட்டுவிட்டுப் போனது. அது படலைச் சாத்தும்வரை அப்பாயி பொறுமையாக நின்றாள். பிறகு செம்பை எடுத்து, புளியும் சாம்பலும் போட்டு, உள்ளே கைவிட்டு, விளிம்பைச் சுற்றி, அடிப்பாகம்வரை ஒருமுறைக்கு இருமுறை தேய்த்தாள். அண்ணாந்து குடித்த செம்பில் அழுக்கு எப்படி ஏறும் என்று கேட்கிற வயசு எனக்கில்லை. அன்று ராத்திரி முன்வரிசையில் பாய் போட்டு உட்கார்ந்து, அதே பெண் பபூனை வார்த்தைக்கு வார்த்தை மடக்கி ஆடியபோது, ஊரிலேயே பெரிய சிரிப்பு எங்கள் அப்பாயியுடையதுதான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அந்தத் தண்ணீரை மட்டும் புளி போட்டுத் தேய்க்கவில்லை.

மனோரமாவை முதலில் பார்த்தது கீற்றுக்கொட்டகையில். தஞ்சாவூர், கும்பகோணம் எல்லாம் ஓடித் தேய்ந்து, படம் முழுக்க மழை பெய்கிற நிலையில்தான் எங்கள் டூரிங் டாக்கீசுக்குப் பெட்டி வந்து சேரும். சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு ஒலிபெருக்கியில் வந்தால் டிக்கெட் கொடுக்கப்போகிறார்கள் என்று அர்த்தம். ஆற்றங்கரைவரை கேட்கும், ஓடிவிடலாம். தரை டிக்கெட். நடுவில் தட்டி. இந்தப்பக்கம் ஆண்கள், அந்தப்பக்கம் பெண்கள். மணலைக் குவித்து மேடை கட்டி உட்கார்ந்தால் பின்னாலிருப்பவர் மண்டையில் தட்டுவார். ஒரே புரொஜெக்டர் என்பதால் ஒவ்வொரு ரீலுக்கும் விளக்கு எரியும், முறுக்கு வரும், பிள்ளை அழும், மறுபடி விளக்கு அணையும்.

‘தில்லானா மோகனாம்பாள்’ 1968-இல் வந்த படம். எங்களுக்கு அது சினிமா என்பதைவிடக் குடும்ப விவகாரம். கதை எழுதிய கொத்தமங்கலம் சுப்பு தஞ்சை ஜில்லாக்காரர். ஆனந்த விகடனில் தொடராக வந்தபோதே வாரா வாரம் சத்தமாகப் படிக்கப்பட்ட கதை. கதாநாயகன் சிக்கல் நாயனக்காரர், கதாநாயகி திருவாரூர் நாட்டியக்காரி. நடித்த சிவாஜிக்குச் சூரக்கோட்டையில் வீடும் நிலமும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையை ராத்திரி முழுக்க உட்கார்ந்து கேட்ட பெரியவர்கள், நாயனத்தில் குற்றம் கண்டுபிடிப்பதற்கென்றே கொட்டகைக்கு வந்திருந்தார்கள். வாசித்தது மதுரை சேதுராமன் - பொன்னுசாமி சகோதரர்கள் என்று தெரிந்ததும், "மதுரக்காரனுவ பரவால்ல, வாசிக்கிறானுவ" என்று சான்றிதழும் கொடுத்தார்கள்.

எங்கள் பக்கம் கலைக்கு ஒரு படிக்கட்டு உண்டு. மேல்படியில் நாயனமும் பாட்டும். அடுத்த படியில் சதிர். அதற்குப் பரதநாட்டியம் என்று பெயர் மாறிய பிறகு ஒரு படி ஏற்றமும் கிடைத்தது. அதற்குக் கீழே நாடகம். அதற்கும் கீழே சினிமா. சினிமாவிலும் கதாநாயகிக்குக் கீழே, கடைசிப் படியில், காமிக். இயக்குநர் ஏ.பி. நாகராஜன் அந்தப் படிக்கட்டை அப்படியே எடுத்துப் படத்தில் வைத்திருந்தார். நாயனத்துக்குச் சிவாஜி, நாட்டியத்துக்குப் பத்மினி, கடைசிப் படிக்கு மனோரமாவின் ஜில் ஜில் ரமாமணி. அலங்காரமும் வாய்ப்பேச்சும் வெகுளியும் சமபங்கு கலந்த ஒரு நாடகக் கொட்டகைப் பெண். நோட்டீஸ் மடிப்பில் பாதிப் பெயர் அழிந்துபோகிற அதே ஆள். சிவாஜி, பத்மினி, பாலையா, நாகேஷ் என்று மலைகளாக நிற்கிற படம் அது. நாயனத்தையும் நாட்டியத்தையும் பற்றி வாக்குவாதம் செய்ய வந்த எங்கள் ஊர், வரப்பில் தீப்பந்தம் பிடித்துத் திரும்பும்போது பேசியதெல்லாம் ரமாமணி பேச்சு. மறுநாள் களை எடுக்கிற இடத்தில் பெண்கள் ரமாமணி மாதிரி நடந்து காட்டினார்கள். யாரும் பத்மினி மாதிரி ஆடிக் காட்டவில்லை. அதற்குச் சேறு இடம் கொடுக்காது.

அப்போதுகூட அவர் மன்னார்குடிக்காரர் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லிக்கொள்ளும்படியான விஷயமாக அது இன்னும் ஆகவில்லை.

அவர் ஏன் கடைசிப் படியில் போய் உட்கார்ந்தார்? மேடையில் அவர் கதாநாயகிதான். எஸ்.எஸ். ராஜேந்திரன் குழுவில் கலைஞரின் ‘மணிமகுடம்’ நாடகத்தில் நடித்துப் பெயர் வாங்கியவர். சினிமாவுக்கு அழைத்த கண்ணதாசன் 1958-இல் ‘மாலையிட்ட மங்கை’யில் கொடுத்தது நகைச்சுவை வேஷம். கதாநாயகியாக நடித்தால் நாலைந்து வருஷத்தில் ஓரங்கட்டிவிடுவார்கள், காமிக் செய்தால் காலமெல்லாம் நிற்கலாம் என்று கவிஞர் தேற்றியதாக மனோரமாவே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 1963-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் ‘கொஞ்சும் குமரி’யில் கதாநாயகி ஆக்கிப் பார்த்தது. பிறகு அவர் பழைய படிக்கே திரும்பி வந்து சௌகரியமாக உட்கார்ந்துகொண்டார். கவிஞர் சொன்னது எழுத்துப் பிசகாமல் பலித்தது. அவரோடு நடித்த கதாநாயகிகள் கல்யாணமாகிப் போனார்கள், அம்மா வேஷத்துக்குப் போனார்கள், அரசியலுக்குப் போனார்கள், சிலர் எங்கே போனார்கள் என்றே தெரியவில்லை. கடைசிப் படியில் உட்கார்ந்தவரைத் தள்ளிவிட அதற்குக் கீழே படி இல்லை.

1985-இல் ஆயிரம் படங்களைத் தாண்டிவிட்டார் என்று கின்னஸ் புத்தகத்தில் பெயர் ஏறியது. முதல் படத்திலிருந்து எண்ணினால் இருபத்தேழு வருஷம். வருஷத்துக்குச் சராசரி 37 படம், மாதத்துக்கு மூன்று. குறுவைப் பயிருக்கே நூறு நாளுக்கு மேல் வேண்டும், அதற்கும் மேட்டூரைத் திறக்க வேண்டும். அவருக்கு மேட்டூர் எந்த வருஷமும் மூடவே இல்லை.

அந்த விளைச்சலில் பதர் உண்டு, ஏராளம் உண்டு. கத்தவிட்டே காசு பார்த்த படங்கள், கூடையால் அடிப்பதற்கும் நாகேஷ் வாய்க்கு எதிர்வாய் கொடுப்பதற்கும் மட்டும் கூப்பிட்ட படங்கள். ஆனால் மணிகளும் அதே களத்தில்தான் கிடந்தன. ‘பொம்மலாட்டம்’ படத்தில் சென்னைச் சேரித் தமிழில் சொந்தக் குரலில் ஒரு பாட்டுப் பாடினார். மன்னார்குடியில் பிறந்து பள்ளத்தூரில் வளர்ந்தவர் பாடிய அந்தப் பாட்டைச் சென்னை தன் கீதமாக எடுத்துக்கொண்டது. கால் நூற்றாண்டு கழித்து ‘மே மாதம்’ படத்துக்கு மெட்ராஸைச் சுற்றிப் பார்க்கிற பாட்டு வேண்டும் என்றபோது ஏ.ஆர். ரகுமானும் அவர் குரலைத்தான் சேர்த்துக்கொண்டார். நடுவில் கோவைக் கவுண்டச்சி, நெல்லை முத்துக்குளிப்புப் பெண், ஐயராத்து மாமி, கிறிஸ்தவ ஆயா என்று எல்லாச் சீமைப் பேச்சும் பேசியாகிவிட்டது. எங்கள் பக்கத்து இழுவைப் பேச்சை அவர் எத்தனை படத்தில் பேசினார் என்று கேட்டால் டீக்கடையில் நாலு பேரும் உட்கார்ந்துவிடுவார்கள்.

‘சம்சாரம் அது மின்சாரம்’ 1986-இல் வந்தது. விசு எழுதிய வேலைக்காரி கண்ணம்மா வேஷம். அதில் சம்பந்தியை வாயடைக்க வைக்கும் "கம்முன்னு கெட" காட்சி இன்றும் செல்போனுக்குச் செல்போன் தாவிக்கொண்டிருக்கிறது. படித்தவர்கள், உத்தியோகஸ்தர்கள் நிறைந்த அந்த வீட்டில் நியாயம் தெரிந்த ஆள் வேலைக்காரிதான். வீட்டுவேலை பார்த்து வளர்த்த தாயின் மகள் அந்த வேஷத்துக்கு வெளியே போய் எதையும் தேடியிருக்க வேண்டியதில்லை. மூன்று வருஷம் கழித்து ‘புதிய பாதை’க்குச் சிறந்த துணை நடிகை என்று தேசிய விருது வந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் நடித்தவரிடம் டெல்லி அப்போதுதான் துணை இருப்பதைக் கவனித்தது. பத்மஸ்ரீ வர 2002 ஆகிவிட்டது.

யாரோ பெண் சிவாஜி என்று அவரைச் சொல்லப்போக, எல்லாரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். மேடை கிடைத்தால் இன்றும் சொல்கிறார்கள். சிவாஜியை ஆண் மனோரமா என்று சொல்ல இன்னும் யாருக்கும் தைரியம் வரவில்லை.

ஐந்து முதலமைச்சர்களோடு நடித்தவர் என்பது இன்னொரு பெருமை. அண்ணாவோடும் கலைஞரோடும் மேடையில். எம்ஜிஆர், ஜெயலலிதா, என்.டி. ராமாராவ் மூவரோடும் திரையில். ஐந்து பேரும் கோட்டைக்குப் போய்க் கையெழுத்துப் போட்டார்கள். இவர் மறுநாள் காலை ஏழு மணிக் கால்ஷீட்டுக்குப் போய்ப் பவுடர் போட்டார். இதில் கலைஞர் பிறந்த திருக்குவளையும் இவர் பிறந்த மன்னார்குடியும் அன்று ஒரே தஞ்சை ஜில்லா. ஒருவர் வசனம் எழுதினார், ஒருவர் பேசினார். பேசினவர் ஒரே ஒருமுறைதான் எழுதிக் கொடுக்காததைப் பேசி மாட்டிக்கொண்டார். 1996 தேர்தலில் ஜெயலலிதா பக்கம் நின்று, ரஜினிகாந்தை ஊர் ஊராகச் சாடினார். முடிவு தெரிந்ததே. ஜெயித்த பக்கத்தில் இல்லாதவருக்குப் பட வாய்ப்புகள் குறைந்தன. 1997-இல் ‘அருணாசலம்’ படத்தில் அவருக்கு வேஷம் கொடுத்துத் திரும்ப அழைத்து வந்தவர், திட்டு வாங்கிய அதே ரஜினிகாந்த். காமிக் நடிகையின் வாழ்க்கையில் மிகப் பெரிய காமிக் காட்சியை எழுதியது எந்த எழுத்தாளரும் அல்ல.

இதற்கிடையே எங்கள் வீட்டுக்குத் தொலைக்காட்சி வந்துவிட்டது. ‘சின்னத்தம்பி’யை அதில் போட்டார்கள். விதவைத் தாயை ஊர் நடுவே அவமானப்படுத்துகிற காட்சி. அப்பாயிக்கு அப்போது பார்வை மங்கிவிட்டது, முகம் சரியாகத் தெரியாது. குரலை வைத்தே யார் என்று கண்டுபிடித்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"பாவிப் பயலுவ, கூத்தாடிப் பொம்பளன்னா எளப்பமாடா ஒங்களுக்கு" என்றாள்.

கதையில் அந்தத் தாய் கூத்தாடி இல்லை என்று நான் சொன்னேன்.

"இருக்கட்டும்டா. நடிக்கிறவ கூத்தாடிதான?" என்று இன்னும் பலமாக அழுதாள். கொல்லையில் அந்த வெண்கலச் செம்பு இருந்தது. அதைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. அந்த வயதில் கேட்டிருந்தாலும், எந்தச் செம்பு என்பாள்.

2015 அக்டோபர் 10 இரவு சென்னையில் மனோரமா காலமானார். அந்த இரவோடு எங்கள் பக்கம் அவருடைய உறவு பல மடங்கு பெருகியது. பக்கத்து வீட்டில் குடியிருந்தோம் என்றவர்கள், ராமாமிர்தத்தம்மாவுக்கு நாங்கள்தான் வண்டி கட்டிக் கொடுத்தோம் என்றவர்கள், தூரத்து வகையில் அத்தை முறை ஆகவேண்டும் என்றவர்கள். 1930-களில் இவ்வளவு பேர் இவ்வளவு பாசமாக இருந்திருந்தால் கைக்குழந்தையோடு ஒரு தாய் ஏன் ஊரைவிட்டுப் போனாள் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை, துக்க நேரம். வெளியூர்க்காரர்களுக்கு மன்னார்குடி என்றால் வெகுகாலமாக நினைவுக்கு வந்தது அரசியல்தான். ஆகவே சொல்லிக்கொள்ள ஒரு நல்ல பெயர் கிடைத்தால் விடுவோமா?

இந்தக் கதை எங்களுக்குப் புதுசுமில்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் கும்பகோணத்தில் பாலாமணி என்று ஒரு நாடகக்காரி இருந்தார். பெண்களை மட்டுமே வைத்துக் கம்பெனி நடத்தியவர். ஆண் வேஷமும் பெண்கள்தான் கட்டுவார்கள். அவர் நாடகம் பார்க்கத் திருச்சியிலிருந்தும் மாயவரத்திலிருந்தும் விட்ட ரயிலுக்குப் பாலாமணி ஸ்பெஷல் என்றே பெயர் என்று நாடக வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். கடைசிக் காலத்தில் மதுரையில் வறுமையில் இறந்துபோனார் என்றும் அவர்களே சொல்கிறார்கள். ஸ்பெஷலில் ஏறி வந்தவர்கள் திரும்பிப் போக ரயில் இருந்தது. பாலாமணிக்குத்தான் இல்லை. மனோரமா அந்த வகையில் விவரமானவர். எங்களை நம்பி அவர் எதையும் போட்டு வைக்கவில்லை.

இப்போது கீற்றுக்கொட்டகை இருந்த இடத்தில் பிளாட் கல் நட்டிருக்கிறார்கள். டவுன் தியேட்டர்களில் சில கல்யாண மண்டபம் ஆகிவிட்டன. அன்று தரை டிக்கெட்டில் உட்கார்ந்தவர் பேரன் அங்கே மாலையோடு உட்காருகிறான். மணல் மட்டும் இல்லை. அது ஆற்றிலேயே இல்லை.

இந்த வருஷத் திருவிழாவுக்குக் கமிட்டி கூடியது. என்னையும் பெரியவர் என்று கூப்பிட்டிருந்தார்கள். ஆர்க்கெஸ்ட்ரா வேண்டும் என்றது ஒரு கட்சி, ஆடல் பாடல் வேண்டும் என்றது இன்னொரு கட்சி. ஆடல் பாடலுக்குக் கோர்ட்டுவரை போய் அனுமதி வாங்க வேண்டியிருக்கும் என்றதும் அந்தக் கட்சி உட்கார்ந்துவிட்டது. பாரம்பரியம் என்று ஒருவர் ஆரம்பித்தார். பாரம்பரியத்துக்கு வாடகை குறைவு என்பதால் எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். வள்ளி திருமணம் என்று முடிவாயிற்று. அதுவும் சும்மா இல்லை, ‘மண்ணின் மகள் ஆச்சி மனோரமா நினைவு நாடக விழா’. பந்தல் முகப்பில் ஆச்சி படத்தோடு பன்னிரண்டுக்கு எட்டில் பிளக்ஸ்.

நாடக ஏஜெண்டு போனில் சம்பள விவரம் சொன்னார். ராஜபார்ட்டுக்குச் சொன்ன தொகைக்கு யாரும் வாய் திறக்கவில்லை. வள்ளிக்கும் சரி. டான்ஸ் காமிக் பெண்ணிடம் வந்ததும் பொருளாளர் தம்பி பேனாவைக் கீழே வைத்தார்.

"காமிக்குக்கு எதுக்கு அண்ணே இம்புட்டு? நாலு குதி குதிக்கப்போவுது, அவ்வளவுதான?"

"தம்பி, விடிய விடிய சனத்த உக்கார வெக்கிறதே அந்தப் பொண்ணுதாங்க" என்று ஏஜெண்டு ஸ்பீக்கரில் கெஞ்சினார். "வள்ளி வர்றதுக்கே மணி ஒண்ணாயிரும்."

நான் தொண்டையைச் செருமினேன். கமிட்டியில் பெரியவர்கள் செருமினால், பேசியதாகக் கணக்கு வைத்துக்கொண்டு அடுத்த அயிட்டத்துக்குப் போய்விடுவார்கள். போனார்கள். பேரம் பேசி அந்தப் பெண்ணின் சம்பளத்தில் இரண்டாயிரம் குறைத்தார்கள். பிளக்ஸ்காரர் கேட்ட தொகைக்கு ரொக்கத்தில் துண்டு விழுந்திருந்தது அதே இரண்டாயிரம்தான். பொருளாளர் தம்பி இங்கே அடித்து அங்கே கூட்டி, நோட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினார். கணக்கு சரியாகத்தான் இருந்தது. நானும் கையெழுத்துப் போட்டேன்.